ஒரு கரும்பு ரகத்தின் வரவு செலவுக் கணக்கு

அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியால் மக்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. இத்தனை ஆய்வுக் கட்டுரைகள், இத்தனை காப்புரிமைகள், இத்தனை பேருக்குப் பயிற்சி என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். இல்லாவிட்டால், ஒரு ரூபாய் போட்டோம், நூறு ரூபாய் திரும்பி வந்தது என்பார்கள். சில ஆண்டுகள் திட்ட அறிக்கைகள் எழுதும் வேலையில் இருந்தவன் நான், இரண்டையும் எழுதியிருக்கிறேன். இரண்டிலுமே முக்கியமான விஷயம் தப்பிப் போய்விடுகிறது என்பது என் எண்ணம். பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது, அதனால் ஒரே ஒரு கரும்பு ரகத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கோ 0238. கோவையில் உள்ள கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்கு ஹரியானாவின் கர்னாலில் உள்ள மையத்தில், பக்ஷி ராம் என்ற விஞ்ஞானியின் தலைமையில் உருவான ரகம். 'கோ' என்பது கோயம்புத்தூர். அடுத்து வரும் 02, ரகத்துக்கு எண் கொடுத்த ஆண்டு, 2002. வடமேற்கு மாநிலங்களில் பயிரிட 2009-இல் வெளியிட்டார்கள். பத்தே ஆண்டுகளில் உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரே ரகம் நின்றது. அங்கே கரும்பு 27 லட்சம் ஹெக்டேரை ஒட்டிய பயிர் என்பதை நினைத்துப் பாருங்கள். பக்ஷி ராமுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், தகுதியான விருது.

சரி, இதனால் எவ்வளவு லாபம்? ஒரு முரட்டுக் கணக்குப் போடலாம். இந்த ரகம் பரவுவதற்கு முன், 2012-13 வாக்கில், உ.பி. ஆலைகளில் சர்க்கரைக் கட்டுமானம் (ஆலைக்காரர்கள் ரெக்கவரி என்பார்கள்) 9.2 சதவீதம் அளவில்தான் இருந்தது. அதாவது 100 கிலோ கரும்பை அரைத்தால் ஒன்பது கிலோ சொச்சம் சர்க்கரை. 2018-19 பருவத்தில் அது பதினொன்றரையை ஒட்டி வந்துவிட்டது. அந்தப் பருவத்தில் உ.பி. ஆலைகள் சுமார் 1,030 லட்சம் டன் கரும்பை அரைத்து 118 லட்சம் டன் சர்க்கரை எடுத்தன. பழைய கட்டுமானமே இருந்திருந்தால் 95 லட்சம் டன்தான் வந்திருக்கும். வித்தியாசம் 23 லட்சம் டன். அப்போது அரசு வைத்திருந்த குறைந்தபட்ச ஆலை விலை கிலோவுக்கு 31 ரூபாய், அந்த விலையில் பெருக்கினால் 7,000 கோடிக்கு மேல், அதுவும் ஒரே பருவத்தில். மத்திய அரசு நாடு முழுக்க வேளாண் ஆராய்ச்சிக்கும் கல்விக்குமாக அந்த ஆண்டு ஒதுக்கியதே ஏறக்குறைய 7,800 கோடிதான். ஹெக்டேருக்கு 60 டன் சொச்சமாக இருந்த விளைச்சல் 80 டன்னை நெருங்கியதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அறிக்கையில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு வேலை இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

முதலில், இந்த 7,000 கோடி யாருக்குப் போனது? உ.பி.யில் விவசாயிக்குக் கிடைப்பது மாநில அரசு அறிவிக்கும் பரிந்துரை விலை. அது குவிண்டாலுக்கு இவ்வளவு என்று எடையை வைத்துத்தான் வரும். சீக்கிரம் முதிரும் ரகம் என்றால் குவிண்டாலுக்கு 10 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். மத்திய அரசின் விலையாவது சர்க்கரைக் கட்டுமானம் ஏறினால் ஏறும்படி வைக்கப்பட்டிருக்கிறது. உ.பி. விலையில் அது கிடையாது. ஆகவே ஹெக்டேருக்கு டன் கூடியதன் பலன் விவசாயிக்குப் போனது, கரும்புக்குள் சர்க்கரை கூடியதன் பலனில் பெரும்பங்கு ஆலைக்குப் போனது. ஆலைகள் சொந்தச் செலவில் விதைக்கரணை (நடுவதற்கு வெட்டும் கரும்புத் துண்டு) பெருக்கி, ஊர் ஊராகப் போய் இந்த ரகத்தைப் பரப்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் 'விவசாயிகளுக்கு 7,000 கோடி' என்று எழுதினால் அது பொய். மொத்தப் பலன் எவ்வளவு என்ற கேள்வியும் அது யார் கைக்குப் போனது என்ற கேள்வியும் வேறு வேறு, நம் நாட்டு அறிக்கைகளில் இரண்டாவதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, அந்தக் கூடுதல் சர்க்கரைக்கு உண்மையிலேயே கிலோ 31 ரூபாய் மதிப்பு இருந்ததா? 2017-18இல் நாட்டின் சர்க்கரை உற்பத்தி 320 லட்சம் டன்னைத் தாண்டியது, நாம் தின்பதோ ஏறத்தாழ 250 லட்சம் டன். கிடங்குகள் நிரம்பின, விலை விழுந்தது, ஆலைகள் விவசாயிகளுக்கு வைத்த நிலுவை நாடு முழுக்க 20,000 கோடியைத் தாண்டியது. மிச்சத்தை வெளிநாட்டுக்குத் தள்ள 2019-20இல் மத்திய அரசு 60 லட்சம் டன்னுக்கு, டன் ஒன்றுக்கு 10,448 ரூபாய் மானியம் அறிவித்தது. பெருக்கினால் 6,268 கோடி. அதாவது, வரிப்பணத்தில் ஆராய்ச்சி செய்து கூடுதலாக விளைவித்த சர்க்கரையில் ஒரு பகுதியை இன்னொரு வரிப்பணத்தைக் கொடுத்து ஏற்றுமதி செய்திருக்கிறோம். இதற்கு ரகத்தை உருவாக்கியவர்கள் பொறுப்பாளிகள் இல்லை. விலைக் கொள்கை வேறொரு அமைச்சகத்தில் முடிவாகிறது. ஆனால் பலனைச் சந்தை விலையில் பெருக்கிக் காட்டும்போது இந்த 6,268 கோடியையும் அதே பக்கத்தில் எழுதியாக வேண்டும். மேற்கு உ.பி.யில் நிலத்தடி நீர் எந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டது என்பதையும் எழுத வேண்டும், கரும்பு வருஷம் முழுக்க நிலத்தில் நின்று தண்ணீர் குடிக்கிற பயிர்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. அந்த 80 சதவீதம்.

எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள், எவ்வளவு பரப்பில் பரவியது என்பதுதான் வேளாண் ஆராய்ச்சியில் வெற்றியின் முதல் அளவுகோல். மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்குத் தனிக் கட்டமே இருக்கும். அந்தக் கட்டத்தில் 80 என்று எழுதக் கிடைத்தால் யாராக இருந்தாலும் பெருமையாகத்தான் எழுதுவார்கள். ஆனால் கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை நட்டு வளர்க்கிறோம். ஒரு ரகத்தின் எல்லாச் செடியும் மரபில் ஒரே செடிதான். 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஒரே செடி நிற்கிறது என்றால், அதைத் தாக்கக் கற்றுக்கொண்ட ஒரு பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? செவ்வழுகல் நோய் வந்தது. கோ 0238-ஐ வெளியிட்டபோது அன்றைக்கு இருந்த பூஞ்சை வகைகளை அது தாங்கியது, பிறகு அதையே தாக்கக்கூடிய புது வகை தலையெடுத்தது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, நடுவில் குறுக்கே வெள்ளைத் திட்டுகள், புளித்த வாடை, பிறகு தூரோடு காய்ந்துபோகும். கட்டைக் கரும்பில் (வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பு) இன்னும் மோசம். வயலை மொத்தமாக உழுது போட்டவர்கள் ஏராளம். கடைசியில் மாநிலக் கரும்புத் துறையே இந்த ரகத்தை இனி நடாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இது எதிர்பாராத விபத்து என்று சொல்ல முடியாது. 1930களின் கடைசியில் பீகாரிலும் கிழக்கு உ.பி.யிலும் கோ 213 இதே செவ்வழுகலில்தான் அழிந்தது. தமிழ்நாட்டில் கோசி 671 என்ற அருமையான ரகம், சர்க்கரைச் சத்தில் அதை மிஞ்ச ஆளில்லை, அதுவும் இந்த நோய்க்குத்தான் பலியானது. வரலாறு தெரிந்த எந்தக் கரும்பு விஞ்ஞானியும் ஒரே ரகத்தை இவ்வளவு பரப்பில் நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்வார். ஆனால் விவசாயிக்கு விளைச்சல் வேண்டும், ஆலைக்குக் கட்டுமானம் வேண்டும், மதிப்பீட்டுப் படிவத்துக்குப் பரப்பு வேண்டும், மூன்றும் ஒரே திசையில் இழுத்தன. 80 சதவீதத்தை வெற்றி என்று எழுதிய அதே கட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு ரகம் இத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் அபாயம் என்று ஒரு கோடு போட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? 2009-லேயே கோ 0118 என்ற இன்னொரு நல்ல ரகமும் வெளியிடப்பட்டது. இரண்டையும் கலந்து பரப்பியிருந்தால் முதல் சில ஆண்டுகளின் லாபக் கணக்கு கொஞ்சம் குறைந்திருக்கும். பதினைந்து ஆண்டுக் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கத்தான் மதிப்பீடு என்று ஒன்று வேண்டும்.

ஆராய்ச்சி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இந்தத் துறையிலேயே கஷ்டமான கேள்வி. இதற்குக் கோவை நிறுவனத்தின் தொடக்க காலத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சி.ஏ. பார்பர் என்ற தாவரவியலாளரின் முயற்சியில் 1912-இல் தொடங்கிய நிலையம் அது. பயிரிடக் கரணை போதும், ஆனால் கலந்து புது ரகம் உருவாக்க விதை வேண்டும். வடநாட்டில் கரும்பு சரியாகப் பூத்து விதை பிடிப்பதில்லை, கோவையில் பிடிக்கும், அதனால் இங்கே. டி.எஸ். வெங்கட்ராமனும் பார்பரும் 'வெள்ளை' என்ற நம்மூர்த் தடிக்கரும்பைக் கோவைப் பக்கத்துக் காட்டுக்கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205, 1918-இல் பஞ்சாபுக்குப் போனது. அங்கே இருந்த பழைய மெல்லிய கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது. அடுத்தடுத்து வந்த கோ ரகங்கள் வடக்கு முழுக்கப் பரவின. ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்த நாடு 1930களின் நடுவில் ஏறக்குறைய தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது.

இதைக் கோவை ரகங்களின் சாதனை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் 1932-இல் சர்க்கரைத் தொழிலைக் காக்க ஒரு சட்டம் வந்தது, இறக்குமதிச் சர்க்கரைக்குக் கடுமையான வரி. முப்பதைச் சுற்றி இருந்த ஆலைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே நூறைத் தாண்டியது. அப்படியானால் சாதனை வரியுடையதா, ரகத்துடையதா? ரகம் மட்டும் வந்து வரி வராமல் இருந்திருந்தால் விலை மலிந்த ஜாவாச் சர்க்கரையோடு போட்டிபோட ஆலைகள் வந்திருக்காது. வரி மட்டும் வந்து ரகம் இல்லாமல் இருந்திருந்தால் அத்தனை ஆலைக்கும் அரைக்கக் கரும்பு எங்கே? இரண்டில் ஒன்றுக்கு 60, மற்றதற்கு 40 என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். சேர்ந்து நடந்ததைச் சேர்ந்து நடந்தது என்றுதான் எழுத வேண்டும்.

இதையே இன்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். உ.பி.யைத் தூக்கிவிட்ட அதே நிறுவனம் இருக்கும் தமிழ்நாட்டில், 2011-12 வாக்கில் 20 லட்சம் டன்னுக்கு மேல் இருந்த சர்க்கரை உற்பத்தி, 2016-17 வறட்சிக்குப் பிறகு 10 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. இங்கே விளைவதும் அந்த நிறுவனம் தந்த கோ 86032 போன்ற நல்ல ரகங்கள்தான், ஹெக்டேருக்கு 100 டன் எடுக்கிற விவசாயிகள் நம்மிடம் உண்டு. தண்ணீர் இல்லை, ஆலை காசு கொடுக்கவில்லை, விவசாயி வேறு பயிருக்குப் போய்விட்டார். ஆராய்ச்சி தோற்றது என்று இதற்கு யாராவது மதிப்பெண் போட்டால் அது அநியாயம். அப்படியென்றால் உ.பி.யின் உயர்வு முழுவதையும் ஆராய்ச்சியின் கணக்கில் வரவு வைப்பதும் நியாயமில்லை.

எல்லை தாண்டிப் போன பலன் இன்னொரு சிக்கல். கோவையில் கோ 421, கோ 312 இரண்டையும் கலந்து கிடைத்த விதை தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குப் போனது. அங்கே வளர்த்துத் தேர்ந்தெடுத்து 1945-இல் என்கோ 310 என்று வெளியிட்டார்கள். அது தைவான், ஒகினாவா என்று உலகம் முழுக்கப் பரவியது. இந்தப் பலன் எந்த நாட்டின் கணக்கில் வரும்? நாமும் சும்மா வாங்கியவர்கள்தான். தென்னிந்தியாவைப் பல காலம் ஆண்ட கோ 419-இன் தாய், ஜாவாவில் டச்சுக்காரர்கள் உருவாக்கிய பி.ஓ.ஜே. 2878. எந்த ஜாவாவின் சர்க்கரையை வெளியே தள்ளினோமோ அதே ஜாவாவின் கரும்பை வைத்து அடுத்த ரகத்தைக் கட்டியிருக்கிறோம். இத்தனை லட்சம் போட்டால் இந்த மாநிலத்துக்கு இவ்வளவு திரும்பும் என்று கேட்கிற நிதித்துறைப் படிவத்தில் இதற்கு இடமே கிடையாது.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் முன்னோடி ஸ்வி கிரிலிசஸ் என்ற பொருளியலாளர். அமெரிக்காவில் கலப்பின மக்காச்சோள ஆராய்ச்சிக்கு ஆன செலவையும் அதனால் வந்த பலனையும் 1958-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆண்டுக்கு 700 சதவீதம் என்ற எண் அங்கிருந்துதான் பிரபலமானது. ஆனால் ஜெயித்த ஒன்றை எடுத்துக்கொண்டுதான் இந்த எண் கிடைத்தது, ஜெயிக்காத முயற்சிகளின் செலவையும் பார்க்க வேண்டும் என்பதை அவரே அந்தக் கட்டுரையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் பின்னால் வந்தவர்கள் வசதியாக விட்டுவிட்டார்கள். மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்கு அமெரிக்க அரசு போட்ட 3.8 பில்லியன் டாலர் 796 பில்லியன் டாலர் பொருளாதார நடவடிக்கையாக மாறியது என்று 2011-இல் ஓர் அறிக்கை வந்தது, ஒரு டாலருக்கு 140 டாலர் என்று அதிபர் ஒபாமாவே பேசினார். அந்த 796-இல் துறையில் நடந்த செலவும் சம்பளமும் விற்பனையும் எல்லாம் அடக்கம். செலவழித்ததையே பலன் என்று எண்ணினால் எந்தத் திட்டமும் லாபம்தான். இந்த மாதிரி எண்களைக் காட்டி ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பது நீண்ட காலத்தில் ஆராய்ச்சிக்கே கெடுதல் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஏனென்றால் இந்த எண்ணில் அடங்காத வேலைகள்தான் முதலில் வெட்டுப்படும். கண்ணூரில் கரும்பு நிறுவனத்துக்கு ஒரு மையம் இருக்கிறது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த கரும்பு வகைகளையும் காட்டு இனங்களையும் அங்கே உயிரோடு வளர்த்துப் பாதுகாக்கிறார்கள், உலகத்திலேயே மிகப் பெரிய சேகரிப்புகளில் ஒன்று. கரும்பு என்பதால் விதையாக டப்பாவில் போட்டு மூட முடியாது, வருஷா வருஷம் நட்டு, வெட்டி, மறுபடி நட்டு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஆண்டு என்ன பலன் என்று கேட்டால் ஒன்றுமில்லை. அடுத்த செவ்வழுகலைத் தாங்கும் மரபணு அந்த வரிசைகளில் எதிலோ இருக்கிறது என்பதுதான் பலன். அதே மாதிரிதான் நோய்த் தாக்கத்தைச் சோதிக்கும் வயல்களும். அங்கே வேலை சரியாக நடந்தால் வெளியே ஒன்றும் நடக்காது, விளைச்சல் விழாமல் இருக்கும், அவ்வளவுதான். முன்பு எவ்வளவு பின்பு எவ்வளவு என்று வரைபடம் போட்டால் நேர்க்கோடு. அந்தக் கோடு விழாமல் நிற்பதற்கு எத்தனை பேர் உழைத்தார்கள் என்று காட்டுகிற மதிப்பீட்டை நான் இதுவரை அதிகம் பார்த்ததில்லை.

சமூகப் பலன் என்ற தலைப்பு அதைவிட மோசம், 'இத்தனை பயனாளிகள்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். ரகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது தோகை தானாக உதிருமா, தோகையின் அடியில் சுணை இருக்கிறதா, காற்றுக்குச் சாயுமா என்று பார்க்கிறார்கள். இதெல்லாம் நேராக வெட்டுக்காரர்களின் கையையும் முதுகையும் தொடுகிற விஷயம். மராட்டியத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் குடும்பத்தோடு கரும்பு வெட்டக் கிளம்புகிறார்கள். வேலைக்குப் போக முடியாத நாள் வந்துவிடக் கூடாதே என்று அங்குள்ள பெண்கள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்திகள் 2019-இல் வந்தன. டன் கணக்கில் கூலி வாங்கும் அவர்களுக்கு ஒரு புது ரகம் வந்ததால் ஒரு நாளில் வெட்ட முடிகிற அளவு கூடியதா குறைந்ததா என்பது அளக்கக்கூடிய விஷயம்தான். அளந்து பார்த்த ஓர் அறிக்கையையும் நான் படித்ததில்லை.

நம் நாட்டில் மதிப்பீடே இல்லை என்று சொல்லவில்லை. வேளாண் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளி நிபுணர் குழு வந்து பார்க்கும் வழக்கம் உண்டு. டெல்லியில் வேளாண் பொருளியலுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது, முதலீட்டுக்கு என்ன வருவாய் என்று நல்ல ஆய்வுகளும் செய்கிறார்கள். தனித்தனித் திட்டங்களின் மட்டத்தில்தான் பிரச்சினை. மூன்று ஆண்டுத் திட்டம், முடிந்ததும் பணத்தைச் செலவழித்துவிட்டோம் என்று பயன்பாட்டுச் சான்றிதழ், கூடவே ஒரு பக்கத்தில் 'சமூகத் தாக்கம்'. கோ 86032-க்கு எண் கொடுத்தது 1986-இல், வெளியிட்டது 2000-இல். மூன்றாம் ஆண்டில் அதன் தாக்கம் என்ன என்று கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? பிரிட்டனில் 2014 முதல் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சித் தர மதிப்பீட்டில் தாக்கத்துக்கு 20 சதவீத எடை கொடுத்தார்கள், 2021-இல் 25 ஆக்கினார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஆராய்ச்சி இன்று என்ன செய்தது என்று ஆதாரத்தோடு எழுதலாம். கால இடைவெளியைப் புரிந்துகொண்ட முறை. ஆனால் நல்ல கதைகளை மட்டும் பொறுக்கி அனுப்பும் பழக்கம் அங்கேயும் வந்துவிட்டது, 2014-இல் மட்டும் ஏழாயிரத்தை ஒட்டிய கதைகள், தோற்ற கதை எதையும் யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

கோ 0238 விட்டுப்போன இடத்துக்கு இப்போது கோ 15023, கோலக் 14201 போன்ற ரகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கணக்கை ஒழுங்காகப் போட நினைத்தால் இப்போதே தொடங்க வேண்டும். சில மாவட்டங்களையாவது எடுத்து, இன்றைய விளைச்சல், கட்டுமானம், கிணற்று மட்டம், வெட்டுக்கூலி, விவசாயிக்கு ஆலை எத்தனை நாளில் பணம் கொடுக்கிறது என்பதையெல்லாம் ரகம் பரவுவதற்கு முன்பே பதிந்து வைக்க வேண்டும். திட்டப் பணத்தில் ஒரு சிறு பங்கைப் பத்து ஆண்டு கழித்து அதே ஊர்களுக்குப் போய்ப் பார்ப்பதற்கென்றே ஒதுக்க வேண்டும், போகிறவர்கள் ரகத்தை உருவாக்கிய நிறுவனத்தின் ஆட்களாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்த ரகம் எத்தனை சதவீதம் என்பதை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும். கரும்புத் துறையிடம் விவசாயி வாரியாக இந்த விவரம் ஏற்கெனவே இருக்கிறது, அதை வைத்துத்தானே ஆலைக்கு வெட்டு உத்தரவு கொடுக்கிறார்கள். ஒரு ரகம் பாதியைத் தாண்டினால், அந்த எண்ணை நிறுவனத்தின் வெற்றிக் கட்டத்தில் எழுதுவதற்கு முன் நோயியல் துறையின் கையெழுத்தை வாங்கச் சொல்லுங்கள்.